அப்பா பெயரில் சிம், பிள்ளை கையில் போன்

பிளஸ் ஒன் சேரும் பிள்ளைக்கு போன் வாங்கிக் கொடுக்கும் வீடுகளில், சிம் வாங்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கடைக்குப் போவது அப்பாவோ அம்மாவோ. ஆதார் அவர்களுடையது, கைரேகையும் கேமராவைப் பார்க்கும் முகமும் அவர்களுடையவை. வீட்டுக்கு வந்ததும் அந்த சிம் பிள்ளையின் போனுக்குள் போய்விடும். பள்ளி வாட்ஸ்அப் குழு, டியூஷன் நேரம் மாறிய தகவல், தேர்வுப் பதிவு, நண்பர்கள், விளையாட்டு என்று எல்லாமே அன்றிலிருந்து அந்த எண்ணில்தான். ஆனால் தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டில் அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை இல்லை. நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர்தான் இருக்கிறார்.

பெற்றோர் இதில் எதையும் மறைக்கவில்லை. 18 வயது நிறையாதவருக்கு சிம் கொடுக்கக் கூடாது என்பது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் நிலைப்பாடு. சிம் வாங்கும்போது நிரப்பும் படிவம் வாடிக்கையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்ய முடியாது. ஆகவே பெரியவர் பெயரில் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் இந்த விதி பிறந்தது. இன்றைக்கு அது பிள்ளைகளைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியிருக்கிறது என்பதுதான் என் கவலை. கையெழுத்துப் போட்டவர் யார் என்பதைச் சட்டம் கவனமாகப் பார்க்கிறது. போனைக் கையில் வைத்திருப்பவர் யார் என்று கேட்பதே இல்லை. இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள, செல்போனுக்கு ஒரு நூற்றாண்டு முந்தைய வழக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும்.

1895 ஜூலையில் கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற இளைஞர், பிரம்மோ தத் என்ற வட்டிக்குக் கொடுப்பவரிடம் தன் சொத்தை அடமானம் வைத்து, 20,000 ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். வட்டி 12 சதவீதம். உண்மையில் கைக்கு வந்த பணம் எவ்வளவு என்பதிலேயே பின்னால் தகராறு வந்தது. அப்போது அவர் மைனர். பத்திரம் எழுதப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே அவருடைய தாயார், பையனுக்கு இன்னும் வயது வரவில்லை, கடன் கொடுத்தால் அது உங்கள் பொறுப்பு என்று வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்பியிருந்தார். கடன் கொடுத்தவரின் தரப்பில் காரியம் பார்த்த வழக்கறிஞர் கேதார்நாத், இது தெரிந்தே பத்திரத்தை முடித்தார். போதாததற்கு, தனக்கு வயது வந்துவிட்டது என்று தர்மதாஸிடம் ஓர் உறுதிமொழியும் எழுதி வாங்கிக்கொண்டார்.

அதே ஆண்டு செப்டம்பரில் தாயாரை முன்னிறுத்தி தர்மதாஸ் வழக்குப் போட்டார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார், மேல்முறையீட்டிலும் ஜெயித்தார். இடையில் பிரம்மோ தத் இறந்துபோக, அவர் தரப்பில் மோஹரி பீபி வழக்கைத் தொடர்ந்தார். 1903இல், அன்றைய இந்தியாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் இறுதித் தீர்ப்பு சொன்னது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி மைனருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதியே கிடையாது, எனவே அந்தப் பத்திரம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. கொடுத்த பணத்தையாவது திருப்பித் தரச் சொல்லுங்கள் என்ற வாதமும் எடுபடவில்லை. செல்லாத ஒப்பந்தத்தில் பெற்றதைத் திருப்பித் தரச் சொல்லும் பிரிவுகள், ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று கவுன்சில் சொல்லிவிட்டது.

அதற்கு முன்பு இந்திய உயர் நீதிமன்றங்களுக்குள் இதில் ஒத்த கருத்து இல்லை. மைனரின் ஒப்பந்தம் அடியோடு செல்லாதா, அல்லது மைனர் விரும்பினால் விலகிக்கொள்ளக் கூடியதா? இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவது வகையில் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும். மைனர் அதன் பலனை அனுபவிக்கலாம், வேண்டாம் என்றால் உதறலாம். முதல் வகையில் ஒப்பந்தம் என்று ஒன்று பிறக்கவே இல்லை. 1903 தீர்ப்பு முதல் வகையைத் தேர்ந்தெடுத்தது, இன்றும் இந்தியாவில் அதுதான் சட்டம். 18 வயது ஆன பிறகு ‘அன்றைக்குப் போட்டதை இப்போது ஏற்றுக்கொள்கிறேன்’ என்று சொன்னாலும் அதற்கு உயிர் வராது, புதிதாகத்தான் ஒப்பந்தம் போட வேண்டும். 18 என்ற எல்லை 1875ஆம் ஆண்டின் வயதுவருதல் சட்டத்தில் இருந்து வருகிறது. நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைகளுக்கு மட்டும் 21 என்று இருந்ததும் 1999 திருத்தத்தில் போய்விட்டது.

சொத்துள்ள வீட்டுப் பிள்ளையை வட்டிக்காரரிடமிருந்து காப்பாற்ற இந்தத் தீர்ப்பு நல்ல கோட்டை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. தொலைபேசி நிறுவனத்தின் பக்கமிருந்து இதையே பாருங்கள். பதினாறு வயதுப் பிள்ளையோடு போஸ்ட்பெய்ட் ஒப்பந்தம் போட்டு, மாதக் கடைசியில் 5,000 ரூபாய் பில் வந்து, பிள்ளை கட்டவில்லை என்றால் வழக்குப் போட முடியாது. வயதைக் கூட்டிச் சொல்லி வாங்கியிருந்தாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம் ஆகாது. இப்படி ஒரு வாடிக்கையாளரை எந்த நிறுவனமும் விரும்பாது. கடையை அடைத்துவிட்டு, பெரியவரைக் கூட்டி வா என்று சொல்லிவிடும்.

சட்டத்தில் சின்னச் சின்னச் சன்னல்கள் இல்லாமல் இல்லை. மைனரின் நன்மைக்காகக் காப்பாளர், தன் அதிகாரத்துக்கு உட்பட்டுச் செய்யும் ஒப்பந்தம் மைனரைக் கட்டும் என்று 1948இல் பிரிவி கவுன்சிலே சொன்னது. அது அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து போன வழக்கு. கணவர் விட்டுச்சென்ற கடனை அடைக்க, மைனர் மகனின் காப்பாளராக ஒரு தாய் நிலத்தை விற்றது பற்றியது. ஒப்பந்தச் சட்டத்தின் 68ஆவது பிரிவு இன்னொரு சன்னல். மைனரின் வாழ்க்கை நிலைக்கு ஏற்ற அத்தியாவசியப் பொருளைக் கொடுத்தவர், மைனரின் சொத்திலிருந்து அதன் மதிப்பைப் பெறலாம். எது அத்தியாவசியம் என்பதற்கு 1908ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கு ஒன்றை எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் சொல்வார்கள். கேம்பிரிட்ஜ் மாணவர் ஒருவர் தையற்காரரிடம் கோட்டுக்குள் அணியும் 11 ஆடம்பரக் கையில்லாச் சட்டைகள் (வெயிஸ்ட்கோட்) உட்படத் துணிகள் வாங்கினார். ஏற்கெனவே போதுமான உடை இருந்ததால் அவை அத்தியாவசியம் இல்லை என்று தீர்ப்பாகி, தையற்காரருக்குப் பணம் வரவில்லை.

பதினாறு வயதுப் பிள்ளைக்கு போன் இந்தப் பட்டியலில் எங்கே வரும்? 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது வகுப்பறையே போனுக்குள் வந்தது. போன் இல்லாத பிள்ளைக்கு வகுப்பு இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, கோழிக்கோடு அருகே கல்லூரி விடுதியில் குறிப்பிட்ட நேரத்தில் போன் பயன்படுத்தத் தடை விதித்ததை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் போன் அத்தியாவசியமாகிவிட்டது, யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் 68ஆவது பிரிவு விற்றவருக்குப் பணம் கிடைக்க வழி சொல்கிறதே தவிர, பிள்ளையை வாடிக்கையாளர் ஆக்குவதில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால், அடியோடு செல்லாது என்பது மட்டும்தான் வழி என்று தோன்றாது. ஜெர்மனியில் ஏழு வயதுக்குக் கீழே ஒப்பந்தத் தகுதி இல்லை. ஏழிலிருந்து 17 வரை அரைத் தகுதி உண்டு. அந்த வயதில் போடும் ஒப்பந்தம் பெற்றோரின் சம்மதம் வரும்வரை தொங்கலில் நிற்கும். சம்மதமா இல்லையா என்று நிறுவனம் பெற்றோரிடம் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் இல்லை என்று பொருள். பெற்றோர் செலவுக்குக் கொடுத்த பணத்தில் பிள்ளை முழு விலையையும் கொடுத்து வாங்கியது செல்லும். கைக்காசுப் பிரிவு என்றே அங்கே மக்கள் இதை அழைக்கிறார்கள். ரீசார்ஜ் கார்டு அதற்குள் அடங்கும், இரண்டு ஆண்டு மாதத் தவணைத் திட்டம் அடங்காது.

அந்த நாட்டில் 2017இல் ஒரு வழக்கு உச்ச சிவில் நீதிமன்றம்வரை போனது. பதின்மூன்று வயதுப் பையன், வீட்டுத் தொலைபேசியிலிருந்து கட்டண எண்ணுக்கு 21 முறை அழைத்து, இணைய விளையாட்டுக்குப் பணம் கட்டிவிட்டான். பில் 1,250 யூரோவுக்கு மேல். இணைப்பு தாயார் பெயரில் இருந்தது. தொலைபேசி இணைப்பின் உரிமையாளர் என்பதற்காகவே, மகன் தொலைபேசி வழியாகச் செய்த இந்தச் செலவைத் தாயார் கட்ட வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. இணைப்பு யார் பெயரில், பொத்தானை அழுத்தியது யார் என்ற இரண்டையும் பிரித்துப் பார்த்த தீர்ப்பு அது. அமெரிக்காவில் 2014இல் வணிக ஆணையம் ஆப்பிள் நிறுவனத்தோடு முடித்த சமரசமும் இதே கேள்வியைத் தொட்டது. பெற்றோர் ஒருமுறை கடவுச்சொல் போட்டால் அடுத்த 15 நிமிடம் பிள்ளைகள் செயலிக்குள் எதை வாங்கினாலும் பணம் போய்க்கொண்டிருந்தது. குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

எனக்கு மிகவும் பாடமாகத் தோன்றுவது ஜப்பான். அங்கே மைனர் பெற்றோரின் சம்மதத்தோடு தன் பெயரிலேயே ஒப்பந்தம் போடலாம். சம்மதம் இல்லாமல் போட்டால், பிள்ளையும் ரத்து செய்யலாம், பெற்றோரும் ரத்து செய்யலாம். வயதைப் பொய்யாகக் காட்டி ஏமாற்றியிருந்தால் மட்டும் அந்த உரிமை போய்விடும். அதாவது 1903க்கு முன் நம் நீதிமன்றங்கள் விவாதித்த இரண்டாவது வழி. 1876இலிருந்து அங்கே வயதுவருதல் 20. 2018இல் சட்டத்தைத் திருத்தி, 2022 ஏப்ரல் 1 முதல் 18 ஆக்கினார்கள். அன்று விடிந்தபோது 18, 19 வயதில் இருந்த எல்லோரும் ஒரே நாளில் பெரியவர்கள் ஆனார்கள். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் செல்போன் திட்டம் போடலாம், வீடு வாடகைக்கு எடுக்கலாம், கடன் அட்டை வாங்கலாம் என்று அரசு விளம்பரங்கள் சொல்லின. சாராயமும் புகையும் சூதாட்டமும் மட்டும் 20இலேயே நின்றன.

அங்குள்ள நுகர்வோர் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் இதை முழு மனதோடு வரவேற்கவில்லை. அவர்கள் பயம் நியாயமானது. 18 வயதில் ஒப்பந்தம் போடும் உரிமை கிடைக்கிறது, அதே நாளில் ரத்து செய்யும் கவசம் பறிபோகிறது. பேச்சில் மயக்கி விற்கும் ஆட்கள் அந்தப் பிறந்தநாளுக்காகவே காத்திருப்பார்கள். அதனால்தான் 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணை மாணவர்களிடம் அரசு திரும்பத் திரும்பச் சொன்னது.

ஜப்பானின் இன்னொரு சட்டம் நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. இளையோர் இணையப் பாதுகாப்புக்காக 2008இல் வந்த சட்டம் அது. 18 வயதுக்குக் கீழானவர் பயன்படுத்தப் போகும் போனுக்குப் பெற்றோர் ஒப்பந்தம் போட்டால், பயன்படுத்தப் போவது பிள்ளை என்று நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். நிறுவனம் அந்த இணைப்புக்கு, தகாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி வசதி தர வேண்டும். 2018இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, பயன்படுத்துபவர் 18க்குக் கீழானவரா என்று நிறுவனமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கையெழுத்து அப்பாவுடையதாகவே இருக்கட்டும், பயன்படுத்தும் பிள்ளை பதிவேட்டில் தெரிகிறது.

சரி, நம் ஊரில் பிள்ளை பதிவேட்டில் தெரியாததால் என்ன கெட்டுப்போகிறது? இங்கே பத்தில் ஒன்பது இணைப்புக்கு மேல் பிரீபெய்ட். போட்ட பணம் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. மாதக் கடைசியில் அதிர்ச்சி பில் வரும் ஆபத்து மிகக் குறைவு. காலர் டியூன், ஜோதிடச் செய்தி என்று சொல்லாமல் கொள்ளாமல் பேலன்ஸைத் தின்ற காலமும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013இல் வாடிக்கையாளரின் தெளிவான சம்மதத்தைக் கட்டாயமாக்கிய பிறகு ஓரளவு ஓய்ந்தது. ஆகவே இங்கே சிக்கல் பில்லில் இல்லை. செல்போன் எண் இப்போது பேச மட்டும் இல்லை, ஆளை அடையாளம் காட்டவும் அதுதான். சிக்கல் அங்கேதான்.

தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் இல்லை, ஆதாரைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் ஜூனில் இதை ஏற்றது. ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பண விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது, அது வேறு கதை. அந்த விதி நல்ல எண்ணத்தில் வந்தது. ஆனால் ஆதாரோடு இணைந்த எண் இருக்கும் போன், பகல் முழுக்கப் பிள்ளை கையில் இருக்கும் வீடுகள் எத்தனை! அப்பா வேலைக்கு ஒரு சாதாரண பட்டன் போனை எடுத்துக்கொண்டு போவார். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் படிப்புக்காக மகனிடம் இருக்கும். வயதைச் சோதிக்க அனுப்பிய ஓடிபி, யாரைத் தடுக்க வேண்டுமோ அவன் கையிலேயே வந்து விழும்.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் இதே சோதனை காத்திருக்கிறது. அந்தச் சட்டப்படி 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள். அவர்களுடைய தகவலைக் கையாள, சரிபார்க்கத் தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும். குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய்வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அவகாசம் முடிந்ததும் ஒவ்வொரு செயலியும் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கும். அப்பா பெயரில் பதிவான எண்ணிலிருந்து, அப்பாவின் வயதோடு, ‘சம்மதம்’ என்று ஒரு பதில் வரும். அது அப்பாதானா? அந்த எண்ணைப் பயன்படுத்துவது பிள்ளை என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லாதபோது அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழி வரும் திசையையும் யோசிக்க வேண்டும். ஒரு பள்ளிப் பிள்ளை வகுப்புத் தோழியின் படத்தைத் தவறாகப் பரப்பினால், புகாரில் சொன்ன எண்ணைத் தேடி சைபர் கிரைம் காவலர் முதலில் வந்து நிற்பது தந்தையிடம். அதேபோல, பிள்ளைக்கே தொந்தரவு அழைப்புகள் வந்தால், நிறுவனத்திடம் புகார் சொல்லும் தகுதி பிள்ளைக்குக் கிடையாது. வாடிக்கையாளர் அப்பாதான். அப்பாவிடம் சொல்லப் பயப்படும் விஷயமாக இருந்தால், அந்தப் பிள்ளை வாயே திறக்காது.

இதற்கு வழி நம் நாட்டிலேயே, வேறொரு துறையில் இருக்கிறது. பத்து வயது நிறைந்த மைனர்கள் தாங்களே வங்கிச் சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே அனுமதித்தது. 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையில் அதை மேலும் தெளிவாக்கியது. எவ்வளவு தொகைவரை என்பதை வங்கி முடிவு செய்யலாம், ஏடிஎம் அட்டை தரலாம். ஒரே நிபந்தனை, கணக்கில் எப்போதும் பணம் இருக்க வேண்டும், கடனுக்குள் போகக் கூடாது. 18 ஆனதும் புதிதாகக் கையெழுத்து மாதிரி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தச் சட்டம் வங்கிக்கும் அதேதான். மைனரிடம் கடன் வசூலிக்க முடியாது என்பதால், கடன் வராதபடி கணக்கை அமைத்தார்கள், அவ்வளவுதான்.

பிரீபெய்ட் சிம்மும் அப்படிப்பட்டதுதானே? முதலில் பணம், அப்புறம் பயன்பாடு, கடனே கிடையாது. தர்மதாஸ் கோஷைக் காப்பாற்ற வேண்டியிருந்த ஆபத்து இங்கே இல்லை. பத்து வயதுப் பிள்ளையின் பெயரில் பணத்தை வைத்திருக்க முடிகிற நாட்டில், பதினாறு வயதுப் பிள்ளையின் பெயரைப் பெற்றோரின் ஒப்பந்தத்துக்குக் கீழே ‘பயன்படுத்துபவர்’ என்று எழுதிக்கொள்ள முடியாதா? ஒப்பந்தமும் பொறுப்பும் பெற்றோருடையதாகவே இருக்கட்டும். வயது மட்டும் பதிவாகட்டும். செயலிகள் வயது கேட்டால் அந்தப் பதிவிலிருந்து ‘18க்குக் கீழ்’ என்ற ஒரே பதில் போதும், பெயரோ ஆதார் எண்ணோ தேவையில்லை. பிள்ளைகளின் தகவல் இன்னொரு பதிவேட்டில் சேர்கிறதே என்ற பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் வயதைத் தாண்டி எதுவும் வெளியே போகக் கூடாது என்கிறேன்.

அந்த மாற்றம் வரும்வரை, பெற்றோர் கவனிக்க வேண்டியது 18ஆவது பிறந்தநாளை. இரண்டு மூன்று வருடம் பிள்ளை பயன்படுத்திய எண் அதற்குள் கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, வங்கிக் கணக்கு என்று பல இடங்களில் வேர் விட்டிருக்கும். ரத்த உறவுக்குள் இணைப்பைப் பெயர் மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. பழைய வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டும், புதியவர் தன் ஆவணங்களைக் காட்டி முழுச் சரிபார்ப்பையும் முடிக்க வேண்டும். எண் மாறாது. பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் செய்வதில்லை, அவசரம் என்று தோன்றாததால். தந்தை திடீரென்று இறந்துவிட்டால்தான் அவசரம் புரியும். அப்போது சம்மதம் கொடுக்க ஆளில்லை. இறப்புச் சான்றிதழையும் வாரிசு என்பதற்கான ஆதாரத்தையும் எடுத்துக்கொண்டு, துக்கத்துக்கு நடுவில் அலைய வேண்டியிருக்கும்.

18 ஆன பிள்ளைக்கு இன்னொரு ஆபத்தையும் சொல்லிவைக்க வேண்டும். உன் ஆதாரில் ஒரு சிம் வாங்கிக் கொடு, சில நூறு ரூபாய் தருகிறேன் என்று கேட்பவர்கள் கல்லூரி வாசலிலேயே வருவார்கள். அந்த சிம் இணைய மோசடிக் கும்பலிடம் போய்ச் சேரும். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மோசடியாகவோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெற்றால் மூன்று ஆண்டுவரை சிறை, 50 லட்சம் ரூபாய்வரை அபராதம். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகளுக்கு மேல் இருக்கக் கூடாது, ஜம்மு காஷ்மீரிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் ஆறு. நம் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் யாரும் பார்க்கலாம், நம்முடையது அல்லாத எண்ணைத் துண்டிக்கச் சொல்லிப் புகாரும் கொடுக்கலாம். பெற்றோர் தங்கள் செல்போன் எண்ணை அங்கே போட்டுப் பார்த்தால், பிள்ளைகளுக்காக எப்போதோ வாங்கி மறந்துபோன எண்களும் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடும்.